ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பத்திய உணவு: சிங்கப்பூர்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழந்தைக்கு ஆட்டிசம் இருப்பதாக மருத்துவர் உறுதிசெய்த சில நாள்களுக்குள்ளேயே பெற்றோரின் கைப்பேசிக்கு உணவு பற்றிய அறிவுரைகள் வரத் தொடங்கிவிடுகின்றன. ஆரம்பகாலத் தலையீட்டு நிலையத்தில் இடம் கிடைக்கக் காத்திருக்கும் மாதங்களில், அடுப்படியில் இன்றே தொடங்கிவிடலாம் என்ற ஒரே காரணத்தால்கூடப் பத்தியம் பலரையும் ஈர்க்கிறது. கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தையும், பாலில் உள்ள கேசின் என்ற புரதத்தையும் அறவே விலக்கும் உணவுமுறையே இவற்றில் மிகப் பரவலானது. கீழே பத்தியம் என்று பொதுவாகச் சொல்லும் இடங்களில் அதையே குறிக்கிறோம். இவை பொதுவான பதில்களே. உங்கள் குழந்தையை நேரில் பரிசோதித்த மருத்துவரின் கருத்துக்கு இவை மாற்றாகா.

கோதுமையையும் பாலையும் நிறுத்தினால் ஆட்டிசம் குறையுமா?

குறையும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இதுவரை இல்லை. ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் பெரும்பாலும் பிறப்புக்கு முன்பே தொடங்கும் வேறுபாடு. அதில் மரபணுக்களின் பங்கு மிகப் பெரியது. பிரிட்டனின் சுகாதார வழிகாட்டி நிறுவனமான நைஸ் 2013இல் வெளியிட்ட பரிந்துரையில், ஆட்டிசத்தின் அடிப்படை இயல்புகளைக் கையாள்வதற்காகக் குளூட்டன், கேசின் நீக்கிய உணவுமுறைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று நேரடியாகவே கூறியுள்ளது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2020இல் வெளியிட்ட அறிக்கையும் இத்தகைய உணவுமுறைகளை ஆட்டிசத்துக்கான சிகிச்சையாக ஆதரிக்கவில்லை.

அப்படியானால் இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

வெறும் வதந்தியிலிருந்து வந்ததன்று. மூளையில் இயல்பாகவே சுரக்கும், அபினை ஒத்த ஓபியாய்டு வகைப் பொருள்கள் மிகுந்திருப்பதற்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்று நரம்பியல் ஆய்வாளர் யாக் பாங்க்செப் 1979இல் ஒரு கருத்தை முன்வைத்தார். அதை நார்வேயைச் சேர்ந்த கல்லே ரைக்கெல்ட் உணவுடன் இணைத்தார். குளூட்டனும் கேசினும் முழுமையாகச் செரிக்காமல் சிறு துண்டுகளாக உடைகின்றன, அவை குடல் சுவரைக் கடந்து இரத்தத்தில் கலந்து மூளையை எட்டுகின்றன, அங்கே அபினைப் போல வேலை செய்கின்றன என்பதே அவருடைய விளக்கம்.

இந்த விளக்கத்தில் ஒரு பகுதி உண்மை. பால் புரதம் செரிக்கும்போது ஓபியாய்டைப் போன்ற அமைப்புடைய துண்டுகள் உண்டாகத்தான் செய்கின்றன. ஆட்டிசம் இல்லாதவர்களின் குடலிலும் அப்படித்தான். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் அவை மிகுந்திருந்தால் சிறுநீரில் அது தெரிய வேண்டும் அல்லவா? லண்டன் ஆய்வாளர்கள் ஆட்டிசம் உள்ள சிறுவர்களின் சிறுநீரையும் மற்றச் சிறுவர்களின் சிறுநீரையும் ஒப்பிட்டு 2008இல் வெளியிட்ட ஆய்வில், எதிர்பார்க்கப்பட்ட அந்தத் துண்டுகளைக் காண முடியவில்லை. அடித்தளம் ஆட்டம் கண்டுவிட்டது; அதன்மீது கட்டிய பத்தியம் மட்டும் இன்னும் பரவிக்கொண்டிருக்கிறது.

குழந்தைகளை வைத்து நேரடியாகச் சோதித்துப் பார்த்தார்களா?

பார்த்திருக்கிறார்கள். முடிவுகளைப் படிக்கும்போது ஒரு கேள்வியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: குழந்தை என்ன சாப்பிடுகிறது என்பது, அதன் நடத்தைக்கு மதிப்பெண் இடுபவருக்குத் தெரியுமா, தெரியாதா?

டென்மார்க்கில் 72 குழந்தைகளுடன் தொடங்கி 2010இல் வெளியான ஆய்வில், பத்தியம் இருந்த குழந்தைகளிடம் சில முன்னேற்றங்கள் பதிவாயின. பத்தியத்தை ஆதரிப்பவர்கள் பெரும்பாலும் இதையே மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அதில் சமைத்துக் கொடுத்த பெற்றோருக்குத் தங்கள் குழந்தை எந்தப் பிரிவில் இருக்கிறது என்பது தெரியும். இடையில் விலகிய குடும்பங்களும் பல.

அமெரிக்காவில் 15 குழந்தைகளைக் கொண்டு 2006இல் வெளியான ஆய்வு வேறு விதமாக நடந்தது. 12 வாரங்களுக்கு ஆய்வுக் குழுவினரே உணவு தயாரித்து வழங்கினர். எந்த வாரங்களில் பத்திய உணவு வந்தது, எந்த வாரங்களில் வழக்கமான உணவு வந்தது என்பது பெற்றோருக்குத் தெரியாது. அளவீடுகளில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. இருந்தும் தங்கள் குழந்தையிடம் மாற்றம் தெரிந்ததாகச் சில பெற்றோர் கூறினார்கள். மூன்று முதல் ஐந்து வயது வரையிலான 14 குழந்தைகளைக் கண்டிப்பான பத்தியத்தில் வைத்து, பிறகு யாருக்கும் தெரியாத வகையில் சில சிற்றுண்டிகளில் மட்டும் குளூட்டனையும் கேசினையும் கலந்து கொடுத்துப் பார்த்த மற்றோர் அமெரிக்க ஆய்வு 2016இல் வெளியானது. உறக்கம், மலம் கழித்தல், நடத்தை ஆகிய எதிலும் வேறுபாடு இல்லை.

இவை எல்லாம் சிறிய ஆய்வுகள் என்ற குறை உண்மைதான். ஆயினும் ஆய்வுமுறையின் கண்டிப்பு கூடக் கூடப் பலன் மங்கிக்கொண்டே போவதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எனக்குத் தெரிந்த ஒருவரின் மகன் பத்தியத்துக்குப் பிறகு பேசத் தொடங்கினான். அதைப் பொய் என்கிறீர்களா?

இல்லை. அந்தத் தாய் கண்டது உண்மை. அதற்குக் காரணம் பத்தியமா என்பதே கேள்வி. மூன்று வயதில் பேசாத பிள்ளை நான்கு வயதில் பேசுவது பத்தியம் இல்லாத வீடுகளிலும் நடக்கிறது. பெரும்பாலான குடும்பங்களில் பத்தியம் தொடங்கும் அதே மாதங்களில்தான் பேச்சுப் பயிற்சியும் பாலர் பள்ளியும் தொடங்குகின்றன. தவிரவும், நிலைமை மிகவும் மோசமாக இருக்கும் வாரத்தில்தான் நாம் புதிதாக ஒன்றைத் தொடங்குவோம். அடுத்த சில வாரங்களில் அது தானாகவே சற்றுத் தணிவது இயல்பு.

இதற்குச் செக்ரெட்டின் கதையைவிடத் தெளிவான சான்று கிடையாது. செரிமானச் சுரப்பியுடன் தொடர்புடைய இந்த ஹார்மோனை ஊசியாகப் பெற்ற சில குழந்தைகள் வியத்தகு முன்னேற்றம் கண்டதாக 1998இல் ஒரு செய்தி பரவ, ஆயிரக்கணக்கான பெற்றோர் அதைத் தேடி அலைந்தனர். மறு ஆண்டே 60 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குச் செக்ரெட்டின், மறுபாதிக்கு வெறும் உப்புநீர். இரண்டு பிரிவினரிடமும் முன்னேற்றம் தெரிந்தது. இரண்டுக்கும் இடையே வேறுபாடு இல்லை. முடிவைத் தெரிவித்த பிறகும் 69 விழுக்காட்டுப் பெற்றோர் அந்த ஊசியில் தங்களுக்கு இன்னும் ஆர்வம் இருப்பதாகச் சொன்னார்கள். இதைப் பெற்றோரின் அறியாமை என்று நகைப்பவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளையின் முகத்தில் ஒரு சிறு மாற்றத்துக்காக நாள் முழுவதும் காத்திருப்பவர்களுக்கு அந்த மாற்றம் தென்படத்தான் செய்யும்.

உண்மையாகவே பத்தியத்தால் நலம் பெறும் குழந்தைகளும் சிலர் உண்டு. அவர்களுக்கு வயிற்றுக் கோளாறு இருந்திருக்கும்; அது தீர்ந்ததால் உறக்கமும் கவனமும் சீராகியிருக்கும். இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

பலன் இல்லாவிட்டால் போகிறது. முயன்று பார்ப்பதால் என்ன கெட்டுவிடும்?

எங்களிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஆகவே பதிலும் சற்று நீளும்.

முதலில், ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருடைய தட்டு ஏற்கெனவே மிகச் சிறியது. பொருளின் மென்மை, மணம், நிறம், சூடு ஆகிய ஒவ்வொன்றும் அவர்களுக்குப் பெரிதாகத் தெரிவதால் வெகு சில உணவுகளை மட்டுமே ஏற்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியிட்ட கணிப்பின்படி, உண்பதில் சிக்கல் இருப்பதற்கான வாய்ப்பு இக்குழந்தைகளுக்கு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகம். கால்சியமும் புரதமும் அவர்களுக்குக் குறைவாகவே கிடைக்கின்றன. நம் வீடுகளில் வழக்கமாகக் காணும் ஒரு பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள்: தயிர்சாதம், சட்னி தொடாத இட்லி, ஒரே நிறுவனத்தின் பிஸ்கட், மைலோ, உணவங்காடியில் வாங்கும் வெறும் பரோட்டா. பத்தியம் தொடங்கும் நாளில் இந்த ஐந்தில் எஞ்சுவது இட்லி மட்டுமே. மற்றக் குழந்தைகள் பசித்தால் வேறொன்றைச் சாப்பிட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. இவர்களில் சிலர் பசியோடு இருப்பார்களே தவிர, பழகாத ஒன்றை வாயில் வைக்க மாட்டார்கள்.

அடுத்தது எலும்பு. ஐந்து வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். ஒரு கோப்பை, அதாவது 250 மில்லிலிட்டர் பாலில் மட்டும் 300 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. அதை நிறுத்திவிட்டுக் கேழ்வரகால் ஈடுசெய்ய நினைத்தால், 30 கிராம் மாவில் கிடைப்பது 100 மில்லிகிராம் அளவே. அதிலும் உடல் ஏற்றுக்கொள்வது பாலில் உள்ளதைவிடக் குறைவு. அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள சிறுவர்களின் கை எலும்புகளைப் படமெடுத்து 2008இல் வெளியிட்ட ஆய்வில் அவர்களின் எலும்புப் புறணி, அதாவது எலும்பின் கெட்டியான வெளி அடுக்கு, எதிர்பார்த்ததைவிட மெல்லியதாக இருந்தது. பால் நீக்கிய உணவில் இருந்தவர்களிடம் இந்தக் குறை கூடுதலாகக் காணப்பட்டது.

மூன்றாவதாகச் சொல்வது சைவக் குடும்பங்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது. இறைச்சி, மீன், முட்டை எதுவும் சேர்க்காத வீட்டில் வைட்டமின் பி12 பெரும்பாலும் பாலிலும் தயிரிலும் இருந்துதான் கிடைக்கிறது. பாலை விலக்கியதும் அந்த வழி முற்றிலும் அடைபடுகிறது. உடலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாது. மாதங்கள் கழித்துச் சோர்வு, இரத்தசோகை, நரம்புப் பாதிப்பு என்று வெளிப்படும். அப்போது குழந்தையிடம் காணும் மந்தத்தை ஆட்டிசத்தின் போக்கு என்று எல்லாரும் எண்ணிவிடும் அபாயமும் இருக்கிறது. இந்தியாவில் எழுதப்படாத பெரும்பாலான பத்தியக் கையேடுகள் இறைச்சி உண்ணும் குடும்பத்தை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை என்பதால், சைவக் குடும்பங்களுக்கான இந்த எச்சரிக்கை அவற்றில் இல்லாமல் போவது வியப்பன்று.

உணவு மிகவும் சுருங்கிப்போன குழந்தைகளிடம் ஸ்கர்வி என்ற வைட்டமின் சி குறைபாட்டு நோய் கண்டறியப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பலமுறை வெளிவந்திருக்கின்றன. குழந்தை நடக்க மறுக்கும், கால் வலிக்கும், ஈறில் இரத்தம் கசியும். வலியை விளக்கிச் சொல்லத் தெரியாததால், எலும்பு நோயா இரத்தப் புற்றுநோயா என்ற ஐயத்தில் பல பரிசோதனைகள் முடிந்த பிறகே காரணம் தெரியவரும். வைட்டமின் ஏ குறைபாட்டால் பார்வை பாதிக்கப்பட்ட குழந்தைகளும் உண்டு. இவை அரியவை, ஆனால் பெரும்பாலும் தடுக்கக்கூடியவை.

எடை போட முடியாத இழப்பும் ஒன்று இருக்கிறது. தீபாவளிப் பலகாரம், கோயில் பிரசாதம், வகுப்புத் தோழனின் பிறந்தநாள் கேக் ஆகியவற்றிலிருந்து ஒதுக்கிவைக்கப்படும் பிள்ளைக்கு, மற்றவர்களோடு சேர்ந்திருக்கும் வாய்ப்புகள் மேலும் குறைகின்றன. அப்படிச் சேர்ந்திருப்பதோ பழகிப் பழகியே பிள்ளைக்கு வர வேண்டிய திறன்.

நம் சமையலில் கோதுமை குறைவுதானே? பத்தியம் எளிதாக இருக்காதா?

இட்லி, தோசை, இடியாப்பம், சோறு ஆகியவற்றில் குளூட்டன் இல்லை என்பது சரி. ஆனால் சாம்பாரில் இடும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது வழக்கம். பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்தால் தெரியும். ரவை, பெரும்பாலான சேமியா, மைலோவிலும் ஹார்லிக்ஸிலும் உள்ள மால்ட் ஆகியவை கோதுமையிலிருந்தோ பார்லியிலிருந்தோ வருபவை. சோயா சாஸில் வழக்கமாகக் கோதுமை உண்டு; ஆகவே அரிசியால் ஆன பீஹூனை உணவங்காடியில் வறுத்து வாங்கினாலும் அது குளூட்டன் அற்றதாகாது. சிங்கப்பூரில் பொட்டலமிட்ட உணவுகளில் குளூட்டன் உள்ள தானியங்கள், பால், முட்டை, சோயா, நிலக்கடலை முதலியவை இருந்தால் லேபிளில் குறிப்பிட வேண்டும் என்பது சட்டம். கடையில் சூடாக அள்ளித் தரும் உணவுக்கு அப்படி ஒரு லேபிள் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. சாம்பாரை நிறுத்தாமலேயே பத்தியம் முழுமையாக நடப்பதாக நம்பிக்கொண்டிருக்கும் வீடுகளிலும் முன்னேற்றம் தெரிவதாகச் சொல்கிறார்கள்.

பசும்பாலுக்குப் பதிலாக ஆட்டுப்பால், ஒட்டகப்பால், பாதாம்பால் கொடுக்கலாமா?

ஆட்டுப்பாலிலும் ஒட்டகப்பாலிலும் கேசின் இருக்கிறது; ஆகவே பத்தியத்தின் சொந்தக் கணக்குப்படியே அவை பொருந்தாதவை. பசும்பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்வதில்லை. பாதாம்பாலில் கேசின் இல்லை, ஆனால் புரதமும் மிகக் குறைவு: ஒரு கோப்பைப் பசும்பாலில் 8 கிராம் அளவு இருக்க, பாதாம்பாலில் ஏறத்தாழ 1 கிராம்தான். மாற்று தேவைப்பட்டால் கால்சியம் சேர்த்த சோயாப்பால் மேல். காப்பிக்கடையில் விற்கும் சோயாப்பாலில் பொதுவாகக் கால்சியம் சேர்த்திருக்க மாட்டார்கள்.

என் குழந்தைக்கு உண்மையாகவே வயிற்றுத் தொல்லை இருக்கிறது. அப்போதும் பத்தியம் வேண்டாமா?

ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி ஆகியவை மற்றக் குழந்தைகளைவிட அதிகமாகக் காணப்படுவது உறுதிப்பட்ட செய்தி. அவற்றை ஆட்டிசத்தின் ஓர் அங்கம் என்று ஒதுக்கிவிடாமல், வேறெந்தக் குழந்தையைப் போலவும் முறையாகப் பரிசோதித்துச் சிகிச்சையளிக்க வேண்டும் என்று மருத்துவ வல்லுநர் குழு ஒன்று 2010இல் வலியுறுத்தியது. பேச முடியாத குழந்தை வலியை உடலால்தான் சொல்லும். சோபாவின் கைப்பிடியில் வயிற்றை அழுத்திக்கொண்டு கிடப்பது, சாப்பிட்ட சற்று நேரத்தில் முதுகை வில்லாக வளைப்பது, காரணமின்றி நள்ளிரவில் எழுந்து அலறுவது, திடீரெனத் தன்னைத்தானே அடித்துக்கொள்வது ஆகியவற்றைக் கண்டால், நடத்தைச் சிக்கல் என்று முடிவுகட்டுமுன் வயிற்றையும் பற்களையும் காதுகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பால் சில குழந்தைகளுக்கு உண்மையாகவே தொல்லை தருகிறது. நாள்பட்ட மலச்சிக்கல் உள்ள 65 குழந்தைகளிடம் இத்தாலியில் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வில், பசும்பாலுக்குப் பதில் சோயாப்பால் கொடுத்தபோது 44 பேருக்கு மலச்சிக்கல் தீர்ந்தது. இந்த ஆய்வுக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் பத்தியத்தால் குழந்தை அமைதியானதாகச் சொல்லும் வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்பதற்கு இது ஒரு நல்ல விளக்கம். நாளெல்லாம் புட்டிப்பாலிலேயே வயிற்றை நிரப்பும் குழந்தைக்கு மலச்சிக்கலோடு இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்து வரும். அந்தக் குழந்தைக்குப் பாலைக் குறைப்பதே சரியான வைத்தியம். அதை ஆட்டிசத்துக்கான பத்தியம் என்று அழைக்க வேண்டியதில்லை.

கோதுமையைப் பொறுத்தவரை ஒரு கண்டிப்பான வேண்டுகோள். குளூட்டனால் குடல் சிதையும் சீலியாக் நோய் இருக்கிறதா என்ற இரத்தப் பரிசோதனையை, கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். நிறுத்திய பிறகு செய்தால், நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரக்கூடும். மறுபடியும் குறைந்தது ஆறு வாரங்களுக்கு நாள்தோறும் குளூட்டன் உள்ள உணவைக் கொடுத்துவிட்டே சோதிக்க நேரிடும். சீலியாக் நோயோ பால் ஒவ்வாமையோ உறுதியானால் அந்த உணவை விலக்கியே ஆக வேண்டும். ஆட்டிசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இரத்தத்தில் ஐஜிஜி பார்த்து 40 உணவுகள் ஒத்துக்கொள்ளாது என்று அறிக்கை தந்திருக்கிறார்களே?

ஐஜிஜி என்பது இரத்தத்தில் உள்ள ஒரு வகை எதிர்ப்புப் புரதம். நாம் ஓர் உணவை வழக்கமாகச் சாப்பிடுகிறோம் என்பதையே அது காட்டுகிறது. ஒவ்வாமையைக் கண்டறிய இந்தச் சோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய, அமெரிக்க ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் தெளிவாகக் கூறியுள்ளன. தலைமுடியை அனுப்பிச் செய்யும் சோதனையும் அப்படியே. அறிக்கையின் பக்கங்களைப் பார்த்து அஞ்ச வேண்டாம்.

சர்க்கரை, செயற்கை நிறம், கீட்டோ, புரோபயாட்டிக் ஆகியவை?

சர்க்கரையைக் குறைப்பது பல்லுக்கும் எடைக்கும் நல்லது, ஆட்டிசத்துக்காக அன்று. சில செயற்கை நிறங்கள் குழந்தைகளின் துடுதுடுப்பைச் சற்றுக் கூட்டக்கூடும் என்று இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் நடந்த ஆய்வு 2007இல் காட்டியது. அது பொதுவான குழந்தைகளிடம் நடத்தப்பட்டது. நிறமூட்டிய இனிப்புகளைத் தவிர்ப்பதால் எந்தச் சத்தும் குறையப்போவதில்லை என்பதால், விரும்பினால் தாராளமாகத் தவிர்க்கலாம். கொழுப்பு மிகுந்த, மாவுச்சத்து மிகக் குறைந்த கீட்டோ உணவுமுறை, மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புக்கு மருத்துவமனைக் கண்காணிப்பில் தரப்படும் சிகிச்சை. வீட்டில் சொந்தமாகத் தொடங்கத்தக்கதன்று. குடலுக்கு நன்மை தருவதாகக் கருதப்படும் நுண்ணுயிர்களான புரோபயாட்டிக் பற்றி ஆய்வுகள் நடந்துகொண்டிருக்கின்றன. இப்போதைக்கு அதை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்கும் நிலை இல்லை.

பத்தியத்தைச் சொல்லித் தருபவர்களில் சிலர் அடுத்தபடியாக உடலிலிருந்து உலோகங்களை நீக்கும் கீலேஷன் மருந்துகளையும் பிராணவாயு அறையையும் பரிந்துரைப்பார்கள். கீலேஷன் மருந்து ஏற்றப்பட்ட ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் 2005இல் அமெரிக்காவில் இறந்தான். இந்த இடத்தில் பொறுமைக்கு வேலையில்லை, எழுந்து வந்துவிடுங்கள்.

துணை உணவு மாத்திரைகள் சிங்கப்பூரில் விற்கப்படுகின்றன என்றால் அவை சோதிக்கப்பட்டவைதானே?

சிங்கப்பூரில் ஊட்டச்சத்துத் துணைப்பொருள்களை விற்பனைக்குக் கொண்டுவரும் முன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதலோ உரிமமோ பெற வேண்டியதில்லை. தரத்துக்கும் பாதுகாப்புக்கும் விற்பவரே பொறுப்பு. கடையில் இருக்கிறது என்பது பலன் நிரூபிக்கப்பட்டதற்கான சான்றாகாது. வைட்டமின் ஏ, டி போன்றவை அளவு மிஞ்சினால் உடலில் தங்கி நஞ்சாகும்.

பாட்டியும் ஊரில் உள்ள உறவினர்களும் பத்தியம் வைக்கச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். என்ன சொல்வது?

நோய்க்குப் பத்தியம் இருப்பது நம் வைத்திய மரபில் ஊறியது. காய்ச்சலுக்கும் அம்மைக்கும் மகப்பேற்றுக்கும் பத்தியம் பார்த்து வளர்ந்தவர்கள் இதற்கும் ஒன்று இருக்கும் என்று எண்ணுவதில் பிழையில்லை. அந்தப் பத்தியங்கள் சில நாள்களிலோ வாரங்களிலோ முடிந்துவிடும். இதற்கு முடிவு நாளே கிடையாது என்பதை எடுத்துச் சொன்னால் பெரியவர்களுக்குப் புரியும். அவர்களை மருத்துவரிடம் ஒருமுறை உடன் அழைத்துச் செல்வது வீட்டில் பத்து முறை வாதிடுவதைவிடப் பயன் தரும். உதவ விரும்பும் பாட்டிக்கு உண்மையான வேலை ஒன்று இருக்கிறது. அது அடுத்த பதிலில் வருகிறது.

சரி, ஐந்தாறு உணவுகளோடு நிற்கும் குழந்தையின் தட்டைப் பெரிதாக்குவது எப்படி?

ஏற்கெனவே உண்பதிலிருந்து மிகச் சிறிய அடியாக நகர வேண்டும். வெறும் இட்லி சாப்பிடும் குழந்தைக்கு அதே வடிவில் மினி இட்லி. பிறகு மாவில் சிறிது கேழ்வரகு, நிறம் மாறாத அளவில். பிறகு சற்றுக் கூடுதலாக. அதன் பின் அதே மாவில் தோசை. புதிய உணவைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு எதுவும் சொல்லாமல் இருப்பதே முதல் சில வாரங்களுக்குப் போதும். தொடுவது, முகர்வது, நாக்கில் ஒற்றித் துப்புவது எல்லாமே முன்னேற்றம். பிடித்த உணவுக்குள் மருந்தையோ காய்கறியையோ தெரியாமல் மறைத்துவைப்பதைத் தவிருங்கள். கண்டுபிடித்துவிட்டால் இருந்த ஒன்றையும் அந்தக் குழந்தை கைவிட்டுவிடும். ஊட்டிவிடும் பழக்கமுள்ள வீடுகளில், நான்கு வயதுப் பிள்ளை தானே கையால் பிசைந்து விளையாட இடம் கொடுப்பதும் பெரிய மாற்றம். தேக்கா சந்தைக்கு அழைத்துச் சென்று காய்களைத் தொட்டுப் பார்க்கவிடுவது, மாவு அரைக்கும்போது கையை நனைக்கவிடுவது ஆகியவை பாட்டிக்கு உரிய வேலைகள். உணவைக் கண்டாலே குமட்டுகிறது, எடை குறைகிறது என்றால் பேச்சுப் பயிற்சியாளரும் செயல்முறைச் சிகிச்சையாளரும் சேர்ந்து தரும் உணவுப் பயிற்சி தேவைப்படும்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டோம். இருந்தும் ஒருமுறை முயன்று பார்க்க விரும்புகிறோம்.

அது உங்கள் உரிமை. அப்படியானால் அளவோடும் கணக்கோடும் செய்யுங்கள். சீலியாக் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். உணவியலாளர் ஒருவர் கால்சியம், பி12, வைட்டமின் டி ஆகியவற்றுக்கான ஈட்டைத் திட்டமிட்டிருக்க வேண்டும். குழந்தையின் எடை வயதுக்கேற்ற அளவில் இருக்க வேண்டும். குளூட்டன், கேசின் இரண்டில் ஒன்றை மட்டும் விலக்கி, முடிவு நாளை நாள்காட்டியில் முன்னதாகவே குறித்துவிடுங்கள். எது மாறும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதைத் தொடங்குமுன் எழுதிவையுங்கள். 'நல்லபடியாக இருக்கிறான்' என்று பொதுவாக எழுதாமல், 'இரவில் எத்தனை முறை விழிக்கிறான்' என்று எண்ணக்கூடியதாக எழுதுங்கள். அந்தக் காலத்தில் புதிய சிகிச்சை எதையும் சேர்க்க வேண்டாம். பாலர் பள்ளி ஆசிரியர் உணவைப் பரிமாறாதவராக இருந்தால், எதை மாற்றியிருக்கிறீர்கள் என்பதை அவரிடம் சொல்லாமல், நடத்தையைப் பற்றிய குறிப்பை மட்டும் வாரந்தோறும் கேட்டு வாங்குங்கள். குறித்த நாளில் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் பெரும்பாலோர் தவிர்த்துவிடுகிறார்கள்.

ஒவ்வாமை இருப்பதாக ஐயம் இருந்தால் மட்டும் வீட்டில் திரும்பக் கொடுக்க வேண்டாம். மருத்துவரின் கண்காணிப்பில்தான் அதைச் செய்ய வேண்டும்.

சிங்கப்பூரில் யாரை அணுகலாம்?

பலதுறை மருந்தகத்தில் தொடங்குங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்றுச் சென்றால் மருத்துவமனையில் உதவித்தொகையுடன் கூடிய கட்டணம் கிடைக்கும். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் குழந்தை வளர்ச்சிப் பிரிவுகள் உள்ளன. ஏற்கெனவே அங்கு செல்பவர்கள் அடுத்த சந்திப்பிலேயே உணவியலாளரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். ஆரம்பகாலத் தலையீட்டு நிலையத்திலோ சிறப்புப் பள்ளியிலோ பயிலும் குழந்தையாக இருந்தால் அங்குள்ள சிகிச்சையாளரிடமும் உண்ணும் சிக்கலைச் சொல்லுங்கள். மதிய உணவு நேரத்தில் அவர்கள் காண்பது வீட்டில் நீங்கள் காண்பதிலிருந்து வேறுபட்டிருக்கலாம்.

போகும்போது குழந்தையின் சுகாதாரக் கையேட்டையும், மூன்று நாள் உணவுக் குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். கொடுத்ததை எல்லாம் எழுதாமல், குழந்தை விழுங்கியதை மட்டும் எழுதுங்கள். பணிப்பெண் கொடுக்கும் மாலைச் சிற்றுண்டியும் அதில் இருக்கட்டும். மாத்திரைகள், பொடிகள், ஊரிலிருந்து வந்த லேகியம் உட்பட எல்லாவற்றின் லேபிளையும் படம்பிடித்துக் காட்டுங்கள். பத்தியம் வைத்திருப்பதை மருத்துவர் கடிந்துகொள்வார் என்று அஞ்சிப் பலர் மறைத்துவிடுகிறார்கள். அது தெரியாவிட்டால் எந்தச் சத்தைச் சோதிக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியாமல் போய்விடும்.